எட்டு விளக்கும் எரிந்தால் போதுமா?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இணையம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டாலும், பல வீடுகளில் அது பிள்ளைகள் படிக்கும் மேசைவரை வருவதில்லை. வரிசையாய் நீளும் லயத்து வீடுகளில் இரண்டு சுவர் தாண்டினாலே வைஃபை தளர்ந்துவிடும். கேபிள் இழுப்பதே நம்பகமான வழி.

கடையில் தலை பொருத்திய கேபிள் கிடைக்கும். ஆனால் அந்தத் தலை நுழையச் சுவரில் பெரிய ஓட்டை போடவேண்டும். வெறும் கேபிளைச் சிறு துளை வழியாக இழுத்துவிட்டு, பிறகு தலை அடிப்பதே என் வழக்கம். கேட் 5இ கேபிள், ஆர்ஜே45 தலைகள், கிரிம்பர், டெஸ்டர் ஆகியவை இருந்தால் போதும்.

பூட்டு நாக்கு கீழேயும் கேபிள் நுழையும் வாய் நம் பக்கமும் இருக்கும்படி தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியை ஏன் பிரித்து வைக்கிறார்கள் என்று பலரும் கேட்பார்கள். 3ஆம், 6ஆம் ஊசிகள்தாம் ஒரு ஜோடியாக வேலை செய்கின்றன. இரண்டு கம்பிகள் முறுக்கிக்கொண்டு ஓடினால்தான் பக்கத்து ஜோடியின் இரைச்சல் அண்டாது. கிரகாம் பெல் 1881இலேயே காப்புரிமை பெற்ற உத்தி இது. அதனால் முனையில் 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்காதீர்கள்.

2020இல், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், ரிங்லெட் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு யாரோ கேபிள் இழுத்துக் கொடுத்திருந்தார். "மாமா, டெஸ்டர்ல எட்டு லைட்டும் எரியுதாம். ஆனா கிளாஸ் மட்டும் நின்னு நின்னு போவுது" என்றாள் அக்கா மகள். தலையைப் பார்த்தேன். இரு முனையிலும் வெள்ளை-பச்சை, பச்சை என்று பார்வைக்கு அழகாகப் பக்கம் பக்கமாக அடுக்கியிருந்தார்கள். மலிவான டெஸ்டர், கம்பி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறதா என்று மட்டுமே பார்க்கும். ஜோடி மாறியதை அது கண்டுகொள்ளாது. இரண்டு தலைகளையும் வெட்டி, புதிதாக இரண்டு அடித்தேன். மறுநாள் வகுப்பு நிற்கவில்லை.

ஆகவே விளக்கைப் பார்த்த பிறகு, மடிக்கணினியில் இணைப்பு வேகத்தையும் பாருங்கள். இரு பக்கக் கருவிகளும் 1 ஜிகாபிட் தாங்கக்கூடியவையாக இருந்தும் 100 மெகாபிட் என்று காட்டினால், பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பி சரியாக அமரவில்லை. பெரிய கோப்பு ஒன்றை இரண்டு கணினிகளுக்கிடையே அனுப்பிப் பார்ப்பதும் நல்ல சோதனை.

வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேளுங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவுதான். ஆனால் எளிதில் ஒடியும். மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. மலைச்சரிவில் கண்ணளவை நம்பாதீர்கள். கேபிள் போகும் வழியிலேயே நாடா பிடித்து அளந்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்கும் ஒரு கேபிள் இழுக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். இங்கே மின்னல் அதிகம். வெளியே வீட்டுக்கு வீடு ஓடும் செம்புக் கம்பி, இரு வீட்டுக் கருவிகளையும் ஒரே இடியில் கருக்கிவிடலாம். உலோகம் கலக்காத கண்ணாடி இழைக் கேபிள் போடுவதென்று முடிவாகி, செலவை இரு வீட்டாரும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள்.