ரவுப் போனால் எங்கே பசியாறுவது?

பகாங்கின் ரவுப் தங்கத்தால் வளர்ந்த ஊர். 1889-இல் வில்லியம் பிபியின் ஆஸ்திரேலிய நிறுவனம் இங்கே சுரங்கம் தொடங்கியது. மலாயில் ‘ராவுப்’ என்றால் கையால் அள்ளுதல். மணலை அள்ளினால் தங்கம் வருமாம், அதனால் இந்தப் பெயர் என்பார்கள். இப்போது அள்ளுவது சோறுதான்!

மதியத்துக்கு ரத்தா உணவகத்தின் மீன் தலைக் கறி. குடும்பத்தோடு போங்கள், இரண்டு பேரால் ஒரு தலையை முடிக்க முடியாது. கோப்பிக்குப் பழைய கடைவீதி போதும்.

டுரியான் பருவமென்றால் முசாங் கிங்தான். பழத்தின் அடியில் நட்சத்திர அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிலோ என்ன விலை என்பதை நிறுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கடையிலேயே பிளக்கச் சொல்லிச் சாப்பிடுவது நல்லது. கெட்டிருந்தால் அங்கேயே மாற்றிக் கேட்கலாம்.