முதலில் சோறு, பிறகு கேள்வி

சென்னை விடுதியில் தங்கிக் கல்லூரியில் பயிலும் மாணவன் ஒருவன், பருவத் தேர்வின் முடிவு வெளியானபின் திருப்பாச்சூர் திரும்பினான். அவன் நம்மிடம் கூறியது இது: “சுவாமி, ஆறு மாதமும் அம்மாவின் பழவேற்காட்டு மீன் குழம்பையே நினைத்திருந்தேன். இலையில் உட்காருமுன்பே அப்பா மதிப்பெண்ணைக் கேட்டார். இரு பாடங்களில் தவறியிருந்தேன். சோறு இறங்கவில்லை.”

அருளப்பர் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வந்தது. இரவெல்லாம் வலைவீசியும் ஒன்றும் அகப்படாத சீடருக்கு, உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் மீனும் அப்பமும் ஆயத்தம் செய்திருந்தார். தம்மை மும்முறை மறுதலித்த இராயப்பரிடம், அவர் உண்டு முடித்த பின்னரே வினவினார். அதுவும் அன்பைக் குறித்தே.

பெற்றோரே, வீடு திரும்பும் பிள்ளையை முதலில் பசியாற்றுங்கள். சோறு ஆறிப்போகும், மதிப்பெண் ஆறிப்போவதில்லை.