பிள்ளைகளின் விசாவும் நம் வீட்டு முகூர்த்தமும்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டார வியாபாரிகள் பலருக்கு இன்று ஒரு பிள்ளையாவது அமெரிக்காவில் இருக்கிறான். நல்ல வேலை, சொந்த வீடு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவன் தங்கை கல்யாணத்துக்கு வந்து திரும்பிப் போவதற்குள் படும் பாடு நம்மவர்களுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.

எச்-1பி என்ற வேலை அனுமதியை ஒரு தடவைக்கு மூன்று வருஷம் வரை தருகிறார்கள். அதை அங்கிருந்தபடியே நீட்டிக்கலாம். பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா வேறு. அது நாட்டுக்குள் நுழைவதற்கு. விற்பனை வரி செக்போஸ்ட் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கடை லைசென்ஸ் சரியாக இருந்தாலும் லாரியில் பில் இல்லாவிட்டால் சரக்கு நகராதே, அதே கதைதான். அங்கேயே இருக்கும்வரை விசா காலாவதியானாலும் தவறில்லை. இந்தியா வந்துவிட்டால் புது விசா வாங்காமல் திரும்ப முடியாது. பிள்ளைகள் இதை 'ஸ்டாம்பிங்' என்கிறார்கள்.

2004 ஜூலை வரை அமெரிக்காவுக்குள்ளேயே பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பிப் புதுப்பிக்க வழி இருந்தது. விரல் ரேகை கட்டாயமானதும் அதை நிறுத்திவிட்டார்கள். 2024 ஆரம்பத்தில் 20,000 பேருக்கு என்று சோதனையாகத் திறந்து மூடினார்கள். கனடா, மெக்ஸிகோ போய் வாங்கியவர்களும் உண்டு. சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அதற்கும் தடை வந்தது. இனி ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகம், அல்லது தில்லி, மும்பை, கல்கத்தா, ஐதராபாத்.

அங்கும் நிம்மதியில்லை. சமூக வலைத்தளப் பதிவுகளையும் சோதிப்போம் என்று 2025 டிசம்பர் 15 முதல் புது விதி. கையில் தேதி வைத்திருந்த பலருக்கு நேர்காணலை மாதக்கணக்கில் தள்ளிவிட்டார்கள். மார்கழிக் கச்சேரி, தை முகூர்த்தம் என்று மூன்று வார லீவில் வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அங்கே வீட்டுக் கடன் தவணை நிற்குமா, குழந்தைகளின் பள்ளிக்கூடம்தான் காத்திருக்குமா?

நமக்குத் தெரிந்த மந்தைவெளி மளிகைக்காரர் ஒருவர் காலமானபோது தம்பி மகன்தான் கொள்ளி வைத்தான். சொந்த மகனுக்கு விசா முடிந்திருந்தது. அங்கே அவன் மனைவிக்குப் பிரசவ நேரம். வந்தால் எப்போது திரும்புவான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பதிமூன்று நாளும் ஊர் அந்தப் பையனைத்தான் ஏசியது. அது நியாயமில்லை.

எனவே, ஜாதகம் பொருந்தியதும் அண்ணன்காரனின் விசாத் தேதியைக் கேளுங்கள். முடிந்திருந்தால், அவன் முன்கூட்டியே வந்து ஸ்டாம்பிங் முடித்துக்கொள்ள அவகாசம் வைத்து முகூர்த்தம் குறியுங்கள். மண்டப அட்வான்ஸ் அதற்குப் பிறகு. சமையல்காரரின் மளிகை லிஸ்ட்டுக்கு நாம் காத்திருக்கத் தயார்.