கதவோரச் சீட்டில் இருக்கிறது கணக்கு

மே மாதக் கடைசி வந்தால் கனடாவின் ஒன்டாரியோவில் நெடுஞ்சாலை 400 நெடுக கேம்பர்கள் வடக்கே போகத் தொடங்கிவிடும். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய சின்ன வீட்டைப் பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக அல்கோன்குயின் பூங்காவுக்குக் கிளம்புகிறார்கள். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழர்களும் அதில் உண்டு.

என் நண்பர் ஒருவர் டிரக் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். விற்பனையாளர் எடுத்த எடுப்பிலேயே, "இது 5,000 கிலோ இழுக்கும்" என்றார். நண்பர் மனத்தில் வைத்திருந்த கேம்பரின் எடை 2,500 கிலோ. பாதிதானே, தாராளமாகப் போதும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த மஞ்சளும் வெள்ளையுமான சீட்டைக் காட்டினேன். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 680 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் இருந்தது.

டிரக் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். இழுப்பது ஒரு வேலை, சுமப்பது வேறு வேலை. கேம்பரின் முழு எடையும் அதன் சக்கரங்களில் இறங்குவதில்லை. 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கி வழியாக டிரக்கின் முதுகில் இறங்கும், இறங்கவும் வேண்டும். விற்கும்போது சொல்லும் 2,500 கிலோ வெறும் வண்டியின் எடை. தண்ணீர் நிரப்பினால் லிட்டருக்கு ஒரு கிலோ கூடும். எரிவாயு உருளை, பேட்டரி, பாத்திரம், படுக்கை, அரிசி, பருப்பு என்று சேர்த்தால் 3,000 கிலோ சுலபமாக வந்துவிடும். அதில் 13 சதவீதம் 390 கிலோ. வீட்டில் நான்கு பேர் 270 கிலோ. கொக்கிச் சாமான் 45, பின்தொட்டியில் ஐஸ் பெட்டியும் நாற்காலிகளும் 80. கூட்டினால் 785 கிலோ. இழுக்கும் சக்தியில் 60 சதவீதம்தான் செலவாகியிருக்கிறது, ஆனால் சுமை 105 கிலோ மிஞ்சிவிட்டது.

விளம்பரத்தில் வரும் எண் பொய் இல்லை. ஜே2807 என்ற பொதுச் சோதனை முறை அமெரிக்காவில் உண்டு. 2011 மாடல்களில் டொயோட்டா அதை முதலில் கைக்கொண்டது, மற்ற நிறுவனங்கள் பிறகு வந்தன. ஆனால் அந்தச் சோதனையில் டிரக்கில் இருப்பது ஓட்டுநரும் கூட ஒருவரும்தான், ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு. பிள்ளைகளுக்கும் ஐஸ் பெட்டிக்கும் அதில் இடம் இல்லை.

ஒரே மாடலில்கூட வண்டிக்கு வண்டி இந்தச் சீட்டு மாறும். கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை என்று வசதி ஏறினால் சுமைத் திறன் இறங்கும். டீசல் எஞ்சின் இழுவைக்கு அருமையானது, ஆனால் அதன் சொந்த எடையும் இந்தக் கணக்கிலிருந்துதான் கழிகிறது. அதனால் எஃப்-150, ராம் 1500 போன்ற 'அரை டன்' வண்டியா, எஃப்-250, ராம் 2500 போன்ற 'முக்கால் டன்' வண்டியா என்பதைப் பெயரை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். வாங்கப்போகும் அதே வண்டியின் கதவைத் திறந்து பாருங்கள். பின்பக்கம் தாழ்கிறதே என்று காற்றுப்பை மாட்டுகிறவர்கள் உண்டு. வண்டி மட்டமாக நிற்கும், அனுமதித்த சுமை ஒரு கிலோவும் கூடாது.

மாட்ட வேண்டியவற்றில் முதல் இடம் பிரேக் கண்ட்ரோலருக்கு. ஒன்டாரியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். டிரக்கில் காலால் மிதிக்கும்போது கேம்பரின் மின் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கவைப்பது இந்தக் கருவிதான். அடுத்தது, எடையைப் பகிரும் கொக்கி. பின்பக்கம் அமுங்கினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு போய்விடும். இந்தக் கொக்கியின் இரு கம்பிகளும் முன்சக்கரத்துக்கு எடையைத் திருப்பித் தரும். நீட்டிய பக்கக் கண்ணாடிகளும் வேண்டும்.

எனக்குப் பெரிய பயம் கேம்பர் வாலாட்டுவதுதான். கொக்கியில் எடை குறைந்து பின்பாரம் கூடினால், பெரிய லாரி கடக்கும்போது அடிக்கும் காற்றிலேயே கேம்பர் இடமும் வலமும் வீசத் தொடங்கும். அப்போது டிரக்கின் பிரேக்கை மிதிக்கவே கூடாது. வேகத்தைக் கூட்டவும் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கண்ட்ரோலரில் உள்ள நெம்பை விரலால் தள்ளி கேம்பரின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்பதைக் காலியான சாலையில் கை பழகி வைத்திருக்க வேண்டும்.

நண்பர் முக்கால் டன் வண்டியே வாங்கினார். முதல் பயணத்துக்கு முன் லாரிகள் நிற்கும் இடத்தில் உள்ள எடைமேடைக்குப் போனோம். கொக்கிக் கம்பிகளை அவிழ்த்துவிட்டு டிரக்கைக் கேம்பரோடு ஒரு தரம், தனியாக ஒரு தரம் நிறுத்தினோம். டிரக்கின் எடையில் வந்த வித்தியாசம் 260 கிலோ, 9 சதவீதம்கூட இல்லை. காரணம் தேடிச் சுற்றிவந்தோம். நான்கு சைக்கிள்கள் கேம்பரின் பின் பம்பரில் தொங்கின, டின் உணவெல்லாம் கடைசி அலமாரியில் இருந்தது. சைக்கிள்களை டிரக்கின் பின்தொட்டிக்கும், டின்களைக் கேம்பரின் முன் அறைக்கும் மாற்றி மறுபடி நிறுத்தியபோது வித்தியாசம் 350 கிலோ வந்தது. அதற்குப் பிறகே கம்பிகளை மாட்டிப் புறப்பட்டார்கள்.