இறந்தகாலத்துக்கு இரண்டு உருவங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். தன் அம்மம்மாவிடம் பாய் இழைக்கக் கற்றுக்கொண்ட கதையை அவள் எழுதியிருந்தாள். ‘கற்றேன்’ என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘லேர்ண்ட்’ என்றே இருந்தது. நான் மாணவனாயிருந்த காலத்தில் ‘லேர்ண்ற்’ என்று எழுதியே பழகியவன். ஆகவே ஐந்து இடங்களிற் சிவப்பு மையாற் கோடிட்டேன். ஐந்து புள்ளிகளையும் குறைத்தேன்.

மறுநாட் காலை அப்பிள்ளை ஒரு தடித்த அகராதியை அணைத்தபடி ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றாள். “சேர், இதிலே இரண்டும் போட்டிருக்கிறது” என்றாள். குரலிலே துடுக்கு இல்லை, அழுகைதான் இருந்தது. அகராதியைப் பார்த்தேன். இரண்டு வடிவங்களும் அருகருகே இருந்தன. பிழை பிள்ளையினுடையதன்று.

ஆங்கிலத்தின் ‘டி’ எழுத்தை ‘ட்’ என்றும், ‘ரி’ எழுத்தை ‘ற்’ என்றும் எழுதும் நம் நாட்டு வழக்கு இவ்விடயத்தை விளக்குதற்குப் பெரிதும் உதவுகிறது. எரிந்தது என்பதற்கு ‘பேர்ண்ட்’, ‘பேர்ண்ற்’ என இரண்டு உண்டு. கனவு கண்டான் என்பதற்கு ‘ட்றீம்ட்’, ‘ட்றெம்ற்’ என இரண்டு. எழுத்துக்கூட்டினான் என்பதற்கு ‘ஸ்பெல்ட்’, ‘ஸ்பெல்ற்’ என இரண்டு. பிரித்தானியர் இரண்டையும் ஏற்பர். அமெரிக்கர் பெரும்பாலும் ‘ட்’ என முடிவதையே விரும்புவர். ஆயினும் கருகிய பாணைச் சொல்லும்போது அமெரிக்கரும் ‘பேர்ண்ற்’ என்றே சொல்லக் காணலாம். ‘லேர்ண்ட்’ என்னும் அதே எழுத்துக்கோவையை ‘லேர்ணெட்’ என ஈரசையாக ஒலித்தாற் கற்றறிந்தவர் என்று பொருளாகிவிடும். அன்று அந்த அடைமொழிக்கு நான் உரியவனாயிருக்கவில்லை!

இந்த இரட்டை எவ்வாறு தோன்றிற்று? முற்காலத்தில் ஆங்கில இறந்தகால ஈற்றிலே ஓர் உயிரொலி தெளிவாக ஒலித்தது. நாளடைவில் அது தேய்ந்து மறைந்தது. 1712ஆம் ஆண்டில், ‘கலிவரின் யாத்திரைகள்’ ஆசிரியரான யோனதன் சுவிஃப்ட், அவ்வுயிரை விழுங்குவதால் மெய்கள் மோதிக் காதுக்குக் கடுமையாகின்றன என்று அரசின் பெரும் பொருளமைச்சருக்கே முறையிட்டு எழுதினார். அவர் தோற்றார். அவர் கண்டித்தபடியே இன்று உலகம் முழுவதும் பேசுகிறது. உயிர் மறைந்தபின், லகர னகர மகர ஒலிகளை அடுத்து நின்ற ‘ட்’ சிலர் வாயில் ‘ற்’ என வன்மை பெற்றது; எழுத்து அதன் பின்னாலே சென்றது.

வேறொரு வகை இரட்டையும் உண்டு. இது இன்னும் பழையது. ‘சிங்’ என்பது ‘சாங்’ ஆவதுபோல நடுவிலுள்ள உயிரை மாற்றி இறந்தகாலங் காட்டும் வினைகள் பழைய ஆங்கிலத்தில் மிகப் பலவாயிருந்தன. உதவுதலைக் குறிக்கும் ‘ஹெல்ப்’ அவற்றுள் ஒன்று. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் ‘ஹோல்ப்பன்’ என்னும் அதன் பழைய வடிவம் காணப்படுகிறது. இன்று அதனைச் சொல்வார் இலர். 2007ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் பழைய ஆங்கிலத்தில் ஒழுங்குக்கு அடங்காதிருந்த 177 வினைகளை ஆராய்ந்து, ‘நேச்சர்’ என்னும் ஏட்டில் எழுதினர். அவற்றுள் 98 மட்டுமே இன்றும் அடங்காது நிற்கின்றன. ஏனையவை ஒவ்வொன்றாகப் பொது விதிக்குப் பணிந்துவிட்டன. நாவில் அடிக்கடி புழங்கும் வினை பழைய உருவை இழப்பதில்லை. அருகி வழங்குவதே விரைவில் மாறுகிறது. நூறு மடங்கு அருகி வழங்கும் வினை பத்து மடங்கு விரைவாக மாறும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. மணஞ்செய்தலைக் குறிக்கும் ‘வெட்’ என்னும் வினையே அடுத்து மாறும் என்றும் எதிர்வு கூறினர். அதற்கும் இன்று ‘வெட்’, ‘வெடெட்’ என இரண்டு இறந்தகாலங்கள் வழங்குகின்றன.

எதிர்த்திசையில் ஓடும் வினைகளும் உள. நீரிற் பாய்ந்தான் என்பதற்கு ‘டைவ்ட்’ என்பதே பழைய வடிவம். வட அமெரிக்காவிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில், ‘ட்றைவ்’ என்பது ‘ட்றோவ்’ ஆவதைப் பார்த்து ‘டோவ்’ என்று புதிதாக ஒன்றைப் படைத்துக்கொண்டனர். பழைமைபோலத் தோன்றுவதெல்லாம் பழையதன்று.

இரண்டு உருவங்களுக்கு இரண்டு பொருள் வாய்த்ததும் உண்டு. சுவரிலே படத்தைத் தொங்கவிட்டான் என்றால் ‘ஹங்’. குற்றவாளியைத் தூக்கிலிட்டனர் என்றால் ‘ஹாங்ட்’. நீதிமன்ற மொழி பழைமையை எளிதிற் கைவிடாது. ஆதலாற் பழைய வடிவம் தூக்குமரத்தோடு தங்கிவிட்டது. மாணாக்கர் இவ்விரண்டையும் மாற்றி எழுதினால் நான் இன்றும் கோடிடுவேன்.

நம் தமிழிலும் இத்தகைய நிலை இல்லாமலில்லை. த், ட், ற், இன் என்பன இறந்தகால இடைநிலைகள் என்று நன்னூல் படித்தோர் அறிவர். ஆயினும் ‘போயினான்’ என்றும் ‘போனான்’ என்றும் எழுதுகிறோம்; ‘ஆயினான்’, ‘ஆனான்’ இரண்டும் செல்லும். தமிழாசிரியர் எவரும் இவற்றிற்குப் புள்ளி குறைத்ததாக நான் அறியேன். ஆங்கிலம் என்றவுடன் மாத்திரம் நமக்கு அச்சம் வந்துவிடுகிறது. நமக்கு எவர் எதைக் கற்பித்தாரோ அதுவே அம்மொழியின் எல்லை என்று எண்ணிவிடுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அன்று ஐந்து புள்ளிகளையும் திருப்பிக் கொடுத்தேன். வகுப்பிலே எல்லோர் முன்னிலையிலும் சொல்லியே கொடுத்தேன். குறைத்தது எல்லோருக்கும் தெரிந்திருந்ததல்லவா? அவள் முகந் தெளிந்தது. ஆனால் உடனே மற்றொரு கேள்வி வந்தது: “அப்படியென்றாற் சோதனையில் எதை எழுத வேண்டும், சேர்?”

“எதையும் எழுதலாம். ஆனால் முதற் பந்தியில் ஒன்றும் கடைசிப் பந்தியில் மற்றொன்றுமாக எழுதாதே. எடுத்ததை முடிவு வரை கொண்டு போ” என்றேன்.

அவள் தன் ‘ட்’டை விடவில்லை. நானோ கரும்பலகையில் இன்னமும் ‘ற்’ தான் எழுதிவருகிறேன்.