கல்லாவுக்கு அடுத்த ஆள்



அம்பாங்கில் எந்த நாசி கண்டார் கடையில் உட்கார்ந்தாலும் அந்தச் சாப்பாட்டின் பூர்வீகம் பினாங்குதான். கண்டார் கம்பின் இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்கள் ஆரம்பித்தது. அங்கே கெம்பல் தெருவில் முகமது தம்பி ராவுத்தர் 1907இல் தொடங்கிய ஹமீதியா, இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. நூறு வருடம் தாண்டியும் ஒரு சாப்பாட்டுக்கடை ஒரே குடும்பத்தில் எப்படித் தங்குகிறது?

மசாலா ரகசியம் என்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பரிமாறுகிறவரைக் கவனியுங்கள். சோற்றின்மேல் மீன் குழம்பு ஒரு கரண்டி, கோழிக் குழம்பு அரைக் கரண்டி, சட்டி அடியிலிருந்து கெட்டியான மசாலா கொஞ்சம். 'பாஞ்சிர்' என்று சொன்னீர்களானால் தட்டே மூழ்கும். ருசி அந்தக் கலவையில் இருக்கிறது. பக்கத்தில் நின்று பழகிய எவருக்கும் அது கைவந்துவிடும். வேலைக்கு வந்தவரே பிறகு எதிர்வரிசையில் தனிக்கடை போடுவதும் உண்டு.

ருசி கைவசம் இருந்தும் கடையைக் கவிழ்ப்பது வாடகை. 1948க்கு முன் கட்டிய கடைவீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. அந்தச் சட்டத்தை 1997இல் ரத்து செய்து, 1999 கடைசிவரை அவகாசம் கொடுத்தார்கள். அதன்பிறகு ஜார்ஜ்டவுனில் பழைய வாடகையை நம்பியிருந்த பலர் மூட்டை கட்டினார்கள்.

வாடகையைச் சமாளித்தால் ஆள் பஞ்சம். முன்பெல்லாம் கடையநல்லூரிலிருந்தும் ராமநாதபுரம் பக்கமிருந்தும் மச்சானும் மருமகனும் வந்து இறங்குவார்கள். இப்போது பெர்மிட் வேண்டும். 2018இல் மனிதவள அமைச்சர் குலசேகரன் உணவகச் சமையலுக்கு உள்ளூர்க்காரர் மட்டுமே என்றதும் கடைக்காரர்கள் கொதித்தார்கள். சில நாளிலேயே அவர் பின்வாங்கினார்.

இதையெல்லாம் தாண்டினால்தான் வாரிசுப் பிரச்சினை. 24 மணி நேரக் கடையில் விடிய விடிய கல்லாவில் உட்கார, பட்டம் வாங்கிய பையன் ஏன் வரப்போகிறான்? 1995இல் பினாங்கில் தொடங்கிய பெலித்தா மாதிரி கிளைகள் பரப்பினால் மேலாளர் உட்காருவார், முதலாளி வீட்டில் தூங்கலாம். ஒற்றைக் கடைக்காரருக்கு அதற்கு வழியில்லை.

மகளிடம் கொடுக்கலாமே என்று கேட்டுப் பாருங்கள், பல தவுக்கேமார் சிரித்தே மழுப்புவார்கள். மசாலா வறுப்பதும் மாதக் கணக்கு பார்ப்பதும் பெண்களாகவே இருக்கும் வீடுகளில்கூட இந்தச் சிரிப்புதான்.