பாற்பல்லும் மயக்க மருந்தும்

இடப்பள்ளிக் கிளையில் நாம் பணியாற்றிவந்த காலத்தில், ஒரு நாள் காலை வாடிக்கையாளர் ஒருவர் தம் தாயாருடன் வந்தார். மட்டாஞ்சேரியில் மிளகும் ஏலக்காயும் வணிகம் செய்பவர், குடியிருப்பு இடப்பள்ளியில். முதிர்வுக்கு இன்னும் ஏழு மாதங்கள் இருந்த வைப்புத்தொகை ஒன்றை அன்றே முடித்துப் பணமாகப் பெற வேண்டும் என்றார். காரணம் கேட்டோம். நான்கு வயது மகனுக்கு ஒன்பது பற்களில் சொத்தை. முழு மயக்கம் கொடுத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டாராம்.

அருகில் அமர்ந்திருந்த பாட்டிக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. "விழப்போற பல்லுதானே தம்பி! அதுக்குப் போய்ப் பச்சப்புள்ளைக்கு மயக்க மருந்தா?" என்று நம்மிடமே நியாயம் கேட்டார்.

அந்த அம்மையாரின் கேள்வி பல வீடுகளில் எழும் கேள்விதான். அதில் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. இச்சிகிச்சை தேவைதானா? மயக்க மருந்து ஆபத்தற்றதா? செலவை எப்படிச் சமாளிப்பது? மூன்றாவதற்கு மட்டுமே நம்மால் அன்று விடை கூற முடிந்தது. மற்ற இரண்டையும் பின்னர் மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டோம். அவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விழும் பல்லுக்கு ஏன் சிகிச்சை?

பாற்பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்கும். ஆனால் உணவை அரைக்கும் பால் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. ஆகவே நான்கு வயதில் சொத்தையான கடைவாய்ப் பல் இன்னும் ஆறு முதல் எட்டு ஆண்டுகள் உழைக்க வேண்டும்.

சொத்தை நரம்பை எட்டினால் குழந்தை இரவில் உறங்காது. ஒரு பக்கமாகவே மெல்லும். நாளடைவில் உண்பதையே குறைத்துக்கொள்ளும். வேரின் கீழே சீழ் கட்டினால், அங்கே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லும் பாதிக்கப்படலாம். கிருமித்தொற்று கன்னத்துக்குப் பரவி முகம் வீங்கினால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை ஏற்படும். பாற்பல்லை உரிய காலத்துக்கு முன் இழந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தை நோக்கிச் சாயும். பின்னர் முளைக்கும் பல்லுக்கு இடம் இல்லாமற்போகும்.

எல்லாக் குழந்தைக்கும் மயக்கமா?

இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஈறு மரத்துப்போகும் ஊசியும் பொறுமையான பேச்சுமே போதும். கருவியை முதலில் காட்டி, அது என்ன செய்யும் என்று விளக்கி, பிறகே பயன்படுத்துவது குழந்தைப் பல் மருத்துவர்களின் வழக்கம். சில இடங்களில், விழித்த நிலையிலேயே அச்சத்தைத் தணிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் தரப்படுகிறது. சொத்தை பரவாமல் நிறுத்த வெள்ளிச் சேர்மம் கலந்த ஒரு நீர்மத்தைத் தடவும் முறையும் உண்டு. தடவிய இடம் கறுத்துவிடும். ஆயினும் துளையிடத் தேவையில்லை. எல்லாப் பற்களுக்கும் இது பொருந்தாது எனினும் இதுபற்றி மருத்துவரிடம் கேட்பது நன்று.

மிகச் சிறு வயதில் பல பற்கள் சொத்தையாகியிருத்தல், மதியிறுக்கம் அல்லது வளர்ச்சிக் குறைபாடு, கடும் தொற்று, முகத்தில் பெருங்காயம் ஆகிய நிலைகளில்தான் முழு மயக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. அலறும் குழந்தையை நால்வர் பிடித்துக்கொண்டு ஆறேழு முறை சிகிச்சை செய்தால், பல் மருத்துவர் என்றாலே ஆயுள் முழுதும் அஞ்சும் நிலை வரக்கூடும் என்பதும் கருதப்படுகிறது.

பல்வலியில் பிறந்த மயக்கவியல்

மயக்க மருந்தின் வரலாற்றில் பல் மருத்துவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ், 1844 டிசம்பரில் நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்துகொண்டு தம் பல்லையே பிடுங்கச் செய்து சோதித்தார். வில்லியம் மார்ட்டன் என்ற மற்றொரு பல் மருத்துவர், 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் மருத்துவமனையில் ஈதர் கொடுத்து, வலியின்றி அறுவை சிகிச்சை நடைபெறச் செய்தார். பெரும் அறுவை மருத்துவம் அனைத்தும் அதற்குப் பின் வளர்ந்ததே.

பிரிட்டன் கற்ற பாடமும் அறியத்தக்கது. அங்கே பல ஆண்டுகளாகச் சாதாரணப் பல் மருத்துவக் கூடங்களிலேயே முழு மயக்கம் கொடுத்துவந்தனர். உயிரிழப்புகள் நேர்ந்தன. அரசு ஆராய்ந்து, 2001ஆம் ஆண்டு முடிவுடன் அவ்வழக்கத்தை நிறுத்தியது. அதன்பின் அங்கே மருத்துவமனைகளில் மட்டுமே பல் சிகிச்சைக்கு முழு மயக்கம் தரப்படுகிறது. மருந்து மட்டுமன்று, அது கொடுக்கப்படும் இடமும் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது என்பதே அந்தப் பாடம்.

அன்று நடப்பது என்ன?

சிகிச்சைக்கு முன்பே மயக்கவியல் மருத்துவர் குழந்தையைப் பரிசோதிப்பார். சளி, காய்ச்சல், இளைப்பு இருந்தால் நாளைத் தள்ளிவைப்பார். நம் வாடிக்கையாளரின் மகனுக்கும் முதலில் குறித்த நாள் சளியால் தள்ளிப்போயிற்று. குடும்பத்தார் சலித்துக்கொண்டனர். ஆயினும் அது கவனத்தின் அடையாளமே.

அடுத்தது பட்டினி. பொதுவாகத் திட உணவும் மாட்டுப்பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்பட வேண்டும். மருத்துவமனை தரும் நேரமே இறுதியானது. மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. பசிக்கிறதே என்று இரங்கி யாரும் அறியாமல் ஒரு பிஸ்கட் கொடுப்பது அன்பாகாது. கொடுத்துவிட்டால் மறைக்காமல் மருத்துவரிடம் கூறிவிட வேண்டும்.

அறுவை அரங்கில் பெரும்பாலும் முகமூடி வழியே வாயுவைச் சுவாசித்துக் குழந்தை உறங்கும். கையில் குத்தப்படும் ஊசி அதன்பின்தான். வாயில் வேலை நடக்க வேண்டும் என்பதால் சுவாசக் குழாய் பெரும்பாலும் மூக்கு வழியே செலுத்தப்படுகிறது. நீரும் துகள்களும் உள்ளே போகாமல் தொண்டையில் துணி வைத்து, முடிவில் மறவாமல் எடுக்கிறார்கள். மயக்கவியல் மருத்துவர் தொடக்கம் முதல் விழிப்பு வரை இதயத் துடிப்பு, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, மூச்சில் வெளிவரும் கரியமில வாயு ஆகியவற்றைக் கண்காணிக்கிறார். அதற்குள் பல் மருத்துவர் சொத்தையை அடைத்து, நரம்புச் சிகிச்சை செய்து, எஃகுக் கவசம் பொருத்தி, காக்க இயலாத பல்லை எடுத்துவிடுகிறார்.

விழித்ததும் குழந்தை காரணமின்றி அழலாம். வாந்தி, தொண்டைக் கரகரப்பு, மூக்கில் சிறிது இரத்தக் கசிவு இருக்கலாம். பல குழந்தைகள் அன்று மாலையே வீடு திரும்புகின்றன. இரத்தம் நிற்காமை, மூச்சுத் திணறல், காய்ச்சல், தண்ணீரும் அருந்தாமை ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

அச்சம் வீணன்று

2023 நவம்பரில், பல் சிகிச்சைக்காகச் சென்ற ஒரு சிறுவன் உயிரிழந்த செய்தி திருச்சூர் மாவட்டத்திலிருந்து வந்தது. கேரளத்துப் பெற்றோர் பலரை அது கலங்கவைத்தது. அத்தகைய அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குதல் முறையன்று. ஆரோக்கியமான குழந்தைக்குத் தகுந்த இடத்தில் தரப்படும் மயக்கத்தில் உயிராபத்து மிக மிக அரிது. ஆயினும் அறவே இல்லை என்று எந்த மருத்துவரும் உறுதி கூற மாட்டார்.

மூளை வளர்ச்சி பற்றிய ஐயமும் உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கம், அல்லது மீண்டும் மீண்டும் தரப்படும் மயக்கம், வளரும் மூளையைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் எச்சரித்தது. மறுபுறம், 7 நாடுகளில் 722 கைக்குழந்தைகளைக் கொண்டு நடத்தி, 2019இல் முடிவு வெளியான ஓர் ஆய்வு, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரு முறை மயக்கத்தால் ஐந்து வயதில் அறிவுத்திறனில் வேறுபாடு காணப்படவில்லை என்று கூறியது. எல்லாப் பற்களையும் ஒரே அமர்வில் முடித்து, இரண்டாம் முறைக்கு இடமின்றிச் செய்வதன் நன்மை இதனால் விளங்கும்.

ஆகவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்போம். மயக்கம் கொடுப்பவர் பல் மருத்துவர் அல்லாத, தகுதி பெற்ற தனி மயக்கவியல் மருத்துவரா? சிகிச்சை முழு வசதியுள்ள அறுவை அரங்கில் நடக்குமா? குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அருகில் உள்ளதா? எவ்வளவு நேரம் ஆகும்? மயக்கமின்றிச் செய்ய வழி இல்லையா? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் விடையளிப்பவரே நம்பத்தக்கவர்.

இடப்பள்ளியின் போணேக்கரையில் 1998 முதல் இயங்கும் அமிர்தா மருத்துவமனை வளாகத்தில் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பெரிய மருத்துவமனையும் பல் மருத்துவப் பிரிவும் இவ்வாறு ஒரே இடத்தில் அமைந்திருப்பின், இக்கேள்விகளுக்கு அங்கேயே விடை தேடலாம். பிற ஊர்களில் இருப்போர் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளின் குழந்தைப் பல் மருத்துவத் துறையை முதலில் அணுகலாம்.

செலவும் காப்பீடும்

கட்டணம் பல் மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. அறுவை அரங்கு, மயக்கவியல் மருத்துவர், பரிசோதனைகள், மருந்துகள் எல்லாம் சேர்ந்தது. எனவே மதிப்பீட்டை எழுத்தில் பெறுவது நன்று.

மருத்துவக் காப்பீடுகளில் பல, விபத்தால் நேர்ந்தாலன்றிப் பல் சிகிச்சையை ஏற்பதில்லை. ஆனால் 2020 ஏப்ரல் முதல் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும் 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்ற பொதுப் பாலிசியில், மருத்துவமனையில் சேர்ந்து பெறும், நோயாலோ காயத்தாலோ தேவைப்பட்ட பல் சிகிச்சையும், பகல்நேரச் சிகிச்சைகளும் இடம்பெற்றுள்ளன. அனுமதிக்கப்படும் தொகையில் 5 சதவீதத்தை நாம் ஏற்க வேண்டும். நோயைக் கண்டறிந்த பிறகு பாலிசி எடுத்து உடனே கோருவது இயலாது. எந்தப் பாலிசியாயினும், சிகிச்சைக்கு முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே விடை பெறுவது ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

நம் வாடிக்கையாளரின் பாலிசியைப் பிரித்துப் பார்த்தோம். பல் சிகிச்சை விலக்கப்பட்டிருந்தது. வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முடித்தால் வட்டியில் இழப்பு ஏற்படும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டி, அதன்மீது கடன் பெறலாம் என்று கூறினோம். தேவைக்கு மட்டும் கடன் பெற்றார். வைப்பு அப்படியே நின்றது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், மாதந்தோறும் சிறு தொகையைத் தொடர் வைப்பில் இட்டு மருத்துவத்துக்கென்று ஒதுக்கிவைத்தால் இத்தகைய வேளைகளில் கைகொடுக்கும்.

சிகிச்சைக்குப் பின்

மயக்கத்தில் பல்லைச் சரிசெய்யலாம். பழக்கத்தைச் சரிசெய்ய இயலாது. உறங்கும்போது வாயில் சர்க்கரை கலந்த பால் புட்டி இருப்பதே பல குழந்தைகளின் சொத்தைக்குத் தொடக்கம். அது தொடர்ந்தால் புதிய சொத்தைகள் தோன்றும். முதல் பல் முளைத்ததிலிருந்து நாளுக்கு இரு முறை துலக்க வேண்டும். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவும், அதன்பின் ஆறு வயது வரை பட்டாணி அளவும் ஃபுளோரைடு பற்பசை போதும். முதல் பிறந்தநாளுக்குள் ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

ஐந்து மாதங்களுக்குப் பின் கடனின் கடைசித் தவணையைச் செலுத்த வாடிக்கையாளர் வந்தபோது மகனும் பாட்டியும் உடன் வந்தனர். சிறுவன் வாயைத் திறந்து எஃகுக் கவசமிட்ட பற்களைக் காசாளர் வரை எல்லோருக்கும் காட்டினான். "இப்ப ராத்திரி பால் குடிச்சதும் நானே பல்லு துலக்கிவிட்டுடறேன் தம்பி" என்றார் பாட்டி.